வகுப்பறை வழக்கும் வெளிவழக்கும்: பல்கலைக்கழகத் தமிழ் கற்பித்தலில் முறைசாராப் பயிற்சியின் இடம்

முன்னுரை

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் இலக்கண ஆராய்ச்சியின் அடிப்படைகளாகக் கூறுகிறது. தமிழ் இலக்கண மரபின் தொடக்கத்தில் வழக்கு பெற்றிருந்த இந்த இடத்தை, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் இன்றைய பாடத்திட்டங்களில் பெரும்பாலும் காண இயலவில்லை. சான்றிதழ், பட்டயப் படிப்புகளில் எழுத்துத்தமிழ் 'பாடம்' என்றும், பேச்சுத்தமிழ் மாணவர் தாமாகவே வெளியில் பெற்றுக்கொள்ள வேண்டிய 'பழக்கம்' என்றும் பிரித்து வைக்கப்படுகின்றன. முன்னதற்குத் தேர்வு உண்டு. பின்னதற்கு அறிவுரை மட்டுமே உண்டு.

முறைசாராப் பயிற்சியைப் பாடத்தின் துணையாக மட்டும் கருதும் இந்நிலை தமிழுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. எழுத்துக்கும் பேச்சுக்கும் தொலைவு குறைந்த மொழிகளில் அது ஓரளவு பொருந்தலாம். தமிழில் வெளிவழக்கு தனக்கெனத் தனி இலக்கணம் உடையது. ஆதலின் அது கால அளவும் மதிப்பீடும் கொண்ட பாடஉறுப்பாக அமைய வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும். இதனை ஆராய்வதற்குப் புனே நகரம் களமாகக் கொள்ளப்படுகிறது. இந்திய மொழியியல் கல்வி வளர்ந்த நகரம் அது. மராத்தியை அதன் சூழலிலேயே வைத்துக் கற்பிக்கும் நிறுவனங்கள் அங்கு உள்ளன. தாய்நிலத்திற்கு வெளியே பல தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் நகரமும் அதுவே.

1. புனே: மொழியியல் தந்த பேச்சு முதன்மை

1821இல் வடமொழிக் கல்விக்கெனத் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்றின் வழிவந்தது புனேயின் தக்காணக் கல்லூரி. அது 1939இல் முதுநிலை, ஆய்வு நிறுவனமாக மறுபிறப்பெடுத்தது. எஸ். எம். கத்ரே இயக்குநராக விளங்கிய காலத்தில், 1950களின் நடுப்பகுதியில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அங்கு மொழியியல் கோடைப்பள்ளிகள் தொடங்கின. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த மொழியாசிரியர்களுக்கு அமைப்பு மொழியியலை அறிமுகம் செய்தவை இப்பள்ளிகளே. இத்திட்டத்தோடு தொடர்புகொண்ட அமெரிக்க அறிஞருள் ஜான் கம்பர்ஸ் குறிப்பிடத்தக்கவர்.

இக்காலத்தை ஒட்டியே தமிழ் கற்பித்தலைப் பாதித்த இரு வெளியீடுகள் வந்தன. ஒன்று, சார்லசு பெர்குசன் 1959இல் வெளியிட்ட இரட்டைவழக்குப் பற்றிய கட்டுரை. மற்றொன்று, பெர்குசனும் கம்பர்சும் இணைந்து 1960இல் பதிப்பித்த தென்னாசிய மொழிவேற்றுமை பற்றிய தொகுப்பு. இத்தொகுப்பில்தான் மொழியியலாளர் மு. சண்முகம் பிள்ளை, தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு எழுதினார். பேச்சு என்பது சிதைந்த எழுத்து எனும் எண்ணம் அகன்று, அதுவும் விதிகளுக்கு உட்பட்ட ஒரு மொழிவடிவம் எனும் பார்வை தமிழ்த்துறைகளுக்குள் நுழைய இத்தகைய எழுத்துகள் வழி செய்தன.

எனினும், அமைப்பு மொழியியல் தன்னுடன் ஒரு கற்பித்தல் முறையையும் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையினருக்கு அயல்மொழிகளை விரைந்து கற்பிக்க வகுத்த முறை அது. தாய்மொழியாளர் ஒருவர் தொடரைச் சொல்வார். மாணவர் திரும்பச் சொல்வர். பிறகு அதே தொடரில் ஒரு சொல்லை மாற்றி மீண்டும் சொல்வர். பேச்சுக்கு முதலிடம் தந்த இம்முறை, பேச்சை அதன் சூழலிலிருந்து பிரித்து வகுப்பறைக்குள் அடைத்தது. தெருவும் சந்தையும் வீடும் செய்ய வேண்டிய பணியைத் தகவலாளர் ஒருவரே செய்துவிடுவார் எனக் கருதப்பட்டது. பேச்சின் ஒலியும் உருபும் பாடமாயின. பேசுதல் என்னும் செயல் பாடமாகவில்லை.

2. புனேயும் மதுரையும்: இரு சூழல்கள்

அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டபோது அதன் தலைமையிடம் புனேயின் தக்காணக் கல்லூரியில் அமைந்தது. மொழியை அது வழங்கும் ஊரிலேயே கற்பிப்பது அந்நிறுவனத்தின் கொள்கை. அதன்படி மராத்தி புனேயிலும் தமிழ் மதுரையிலும் கற்பிக்கப்பட்டன. இந்திய அரசும் 1969இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை நிறுவி, அதன் மேற்கு மண்டல மையத்தைப் புனேயில் அமைத்தது. பிற மாநில ஆசிரியர்கள் மராத்தி உள்ளிட்ட மொழிகளைப் பயில்வதற்கான மையம் அது. தமிழ் பயில்வோருக்கு மைசூரில் உள்ள தென்மண்டல மையம் உரியதாயிற்று.

வகுப்போடு சூழலையும் சேர்ப்பது என்னும் கொள்கை மராத்திக்கும் தமிழுக்கும் ஒன்றே. ஆனால் அது தரும் விளைவு ஒன்றாக இருக்க இயலாது. மராத்தியின் பொதுவழக்கு, புனேயின் கற்றோர் பேச்சை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது என்பர். ஆகவே புனேயில் மராத்தி பயிலும் மாணவர் காலையில் பாடநூலில் கற்ற தொடரை மாலையில் கடைவீதியில் ஏறத்தாழ அதே வடிவில் கேட்க முடியும். விதர்ப்பத்திலோ கொங்கணக் கரையிலோ மராத்தி வேறாக ஒலிக்கும் என்பது உண்மையே. ஆயினும் புனே மாணவருக்கு வெளிவழக்கு பெரும்பாலும் பாடத்தின் நீட்சியாகவே அமைகிறது.

மதுரையில் தமிழ் பயிலும் மாணவரின் நிலை வேறு. 'அவர்கள் நேற்று வீட்டிற்கு வந்துவிட்டார்கள்' என்று வகுப்பில் எழுதியவர், வெளியே 'அவங்க நேத்து வீட்டுக்கு வந்துட்டாங்க' என்று கேட்கிறார். நான்கு சொற்களில் நான்குமே மாறியுள்ளன. இம்மாற்றங்களை விதியாக்கிக் கொடுத்துவிட்டால் போதும் எனச் சிலர் கருதலாம். 'நேற்று' என்பது 'நேத்து' என்றும் 'காற்று' என்பது 'காத்து' என்றும் ஆகும் என்பது விதி. ஆனால் 'வெற்றி' என்னும் சொல் பேச்சிலும் 'வெற்றி' என்றே நிற்கும். எச்சொல் மாறும், எச்சொல் மாறாது என்பது அச்சொல் எச்சூழலிலிருந்து பேச்சுக்கு வந்தது என்பதைப் பொறுத்தது. அதுபோலவே 'அவர்கள்' என்பதன் ஈறு 'அவங்க' எனத் திரிந்து நிலைபெற, 'இரண்டு புத்தகங்கள்' என்பதன் பன்மை ஈறு 'ரெண்டு புத்தகம்' எனப் பேச்சில் பெரும்பாலும் மறைகிறது. இவற்றை விதியால் மட்டும் பெற இயலாது. பலமுறை கேட்டே பெற வேண்டும். சுருங்கக் கூறின், புனேயில் வெளிவழக்கு அதே பாடத்தைத் தொடர்கிறது. மதுரையில் அது இன்னொரு பாடத்தைத் தொடங்குகிறது.

3. பாடநூல்கள்: ஒரு மதிப்பீடு

இவ்வேறுபாட்டை முதலில் உணர்ந்தவர்கள் தமிழைப் புதிதாகக் கற்ற அயல்நாட்டார் ஆவர். பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் எனத் தனித்தனியே இலத்தீனில் எழுதினார். ஒரே நூலில் இரண்டையும் கலந்து கூறாமல் இரண்டையும் இலக்கணத் தகுதி உடையனவாகக் கொண்டது அவர்தம் பார்வை. 1812இல் எல்லிஸ் முயற்சியால் சென்னையில் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில், கும்பினியின் இளம் அலுவலர்கள் முன்ஷிகளின் துணையோடு மொழி பயின்று தேர்வு எழுதினர். ஆசிரியரோடு அமர்ந்து உரையாடிக் கற்பதும் தேர்வும் அங்கு ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகளாக இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த பாடநூல்கள் இச்சிக்கலை வெவ்வேறு வகையில் எதிர்கொண்டன. நடுவண் நிறுவனம் 1979இல் வெளியிட்ட எஸ். இராஜாராமின் செறிவுப் பாடநூல் உரையாடல், அமைப்புப் பயிற்சி, வினாக்கள், சொற்பட்டியல், இலக்கணக் குறிப்பு என்னும் ஒழுங்கில் அமைந்தது. ஆசிரியர் துணையோடு பயில்வோர்க்கு இவ்வொழுங்கு பெரும் பயன் தந்தது. எனினும் பயிற்சிகள் யாவும் சரியான விடை ஒன்றையே எதிர்பார்ப்பவை. வெளியுலகப் பேச்சிலோ ஒரே வினாவுக்குப் பல விடைகள் பொருந்தும். எவர் கேட்டார் என்பதைப் பொறுத்து விடை மாறும். இப்பண்பினை அமைப்புப் பயிற்சியால் காட்ட இயலாது.

கு. பரமசிவமும் ஜேம்சு லிண்டோமும் இணைந்து 1980இல் வெளியிட்ட நூல் வாசிப்பையும் இலக்கணத்தையும் முதன்மையாகக் கொண்டது. 'இக்காலத் தமிழ் மரபு' (1983) எழுதிய பரமசிவத்தின் தெளிவு இதிலும் விளங்குகிறது. தமிழைப் படித்தறிய விரும்புவோர்க்கு இது சிறந்த நூல். பேச்சை இந்நூல் மாணவரின் சூழலுக்கு விட்டுவிடுகிறது. மதுரையில் தங்கிப் பயில்வோர்க்கு அது பொருந்தும். சூழல் இல்லாத இடத்தில் பயில்வோர்க்கு நூலின் ஒரு பாதி எழுதப்படாமலே நிற்கிறது எனலாம்.

ஆர். இ. ஆஷரும் இ. அண்ணாமலையும் 2002இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ்ப் பாடநூல் எதிர்த்திசையில் செல்கிறது. பேச்சே அதன் தொடக்கம். எழுத்து படிப்படியாக அறிமுகமாகிறது. உரையாடல்கள் இயல்பானவை, சூழல்கள் அன்றாட வாழ்வைச் சார்ந்தவை. ஆயினும் இந்நூலும் மாணவர் கேட்க வேண்டிய பேச்சை முன்னரே எழுதி வைத்துவிடுகிறது. மாணவர் கேட்டுவந்த பேச்சை வகுப்புக்குள் கொண்டுவர எந்த நூலும் வழி செய்யவில்லை. இக்குறையை நூலாசிரியர்மீது சுமத்துதல் பொருந்தாது. அதனைச் செய்ய வேண்டியது பாடநூல் அன்று, பாடத்திட்டம்.

4. வெளிவழக்கு கற்பிப்பவை

வெளிவழக்கிலிருந்து மாணவர் பெறுவது ஒலித்திரிபுகள் மட்டுமே எனக் கருதுவது பிழை. மூன்று கூறுகளைச் சான்றாகக் காட்டலாம்.

முதலாவது, மரியாதை. 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டைப் பாடநூல் கற்பிக்கிறது. ஆனால் 'சொல்லுங்க', 'ஆமாங்க', 'இல்லைங்க' என எச்சொல்லோடும் ஒட்டிவரும் 'ங்க' என்னும் இடைச்சொல் எவ்வளவு வர வேண்டும், எங்கு மிகுந்தால் அது விலகலாகத் தோன்றும் என்பதைப் பேசிப் பழகியே அறிய முடியும். அறிமுகமில்லாதவரை 'அண்ணா', 'அக்கா', 'ஐயா', 'அம்மா' என உறவுமுறை கூறி விளிப்பதும் இத்தகையதே. எவரை அக்கா என்பது, எவரை அம்மா என்பது என்று எந்த இலக்கணமும் வகுத்துரைப்பதில்லை. தவறாக விளித்தவர் எதிரே இருப்பவரின் முகக்குறிப்பால்தான் திருத்தம் பெறுகிறார்.

இரண்டாவது, இடக்கரடக்கலும் மங்கல வழக்கும். விடைபெறும்போது 'நான் போகிறேன்' என்பது இலக்கணப்படி குற்றமற்ற தொடர். ஒரு வீட்டுப் பெரியவரிடம் அவ்வாறு கூறுவதோ பொருத்தமற்றது. 'போயிட்டு வர்றேன்' என்பதே வழக்கு. 'சாப்பிட்டீங்களா' என்பது உணவு பற்றிய வினாவாக மட்டும் அமையாமல் நலம் விசாரித்தலாகவும் அமைகிறது. நன்னூலார் மரபில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனப் பயிலும் மாணவர், அதே கோட்பாடு தம்மைச் சுற்றி நாள்தோறும் இயங்குவதைக் காணும் வாய்ப்பு இது.

மூன்றாவது, வழக்குத் தேர்வு. தமிழர் எவரும் பேச்சுத்தமிழ் மட்டுமோ எழுத்துத்தமிழ் மட்டுமோ அறிந்து முழுமையாக வாழ்வதில்லை. மேடையில் தொடங்கும்போது ஒன்று, மேற்கோளை விளக்கும்போது மற்றொன்று என ஒரே சொற்பொழிவுக்குள்ளும் மாறிச் செல்கின்றனர். இம்மாற்றம் எப்போது நிகழ்கிறது என்று உணர்வதே இரட்டைவழக்கு மொழியில் புலமையின் அளவுகோல். 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி சில சொற்களுக்குப் பேச்சு வழக்கு எனக் குறிப்பிடுகிறது. அகராதி ஏற்ற இப்பகுப்பைப் பாடத்திட்டமும் ஏற்பதில் தடையில்லை.

5. எதிர்நிலை மாணவர்

இதுவரை கூறியவை தமிழைப் புதிதாகக் கற்போரைப் பற்றியவை. புனே போன்ற நகரங்களில் இன்னொரு வகை மாணவர் உள்ளனர். கட்கி, இராஸ்தா பேட்டை, பாளையப் பகுதி ஆகியவற்றில் பல தலைமுறையாகவும், அண்மைக்காலத்தில் கணினித்துறைப் பணிகளை ஒட்டிப் புறநகர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவர். பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயில்வர். தமிழ் எழுத்து அறியாதவர் இவர்களுள் உண்டு.

இத்தகைய மாணவர் தமிழ் வகுப்பிற்கு வரும்போது, அவர் அறிந்த அனைத்தும் பிழையாகக் கணிக்கப்படும் வாய்ப்பு உள்ளது. 'நேத்து வந்துச்சு' என்று அவர் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து 'நேற்று வந்தது' எனத் திருத்துவார். எழுத்துவழக்கைக் கற்பிக்க வேண்டிய இடத்தில் இத்திருத்தம் தேவையே. ஆனால் 'இது பிழை' என்று சொல்லித் திருத்துவதற்கும், 'இது பேச்சுக்கு உரியது, எழுத்துக்கு வடிவம் வேறு' என்று சொல்லித் திருத்துவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் மாணவர் தம் தாயின் மொழி தமிழன்று எனக் கற்கிறார். பின்னதில் தாம் ஏற்கெனவே பாதித் தமிழை அறிந்திருப்பதையும் மறுபாதியைக் கற்க வந்திருப்பதையும் உணர்கிறார். தாய்நிலத்திற்கு வெளியே ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்வதும் செல்லாமற் போவதும் இத்தகைய சிறு திருத்தங்களையும் சார்ந்துள்ளது.

வெளியிலிருந்து வரும் மாணவரிடம் எழுத்து உண்டு, பேச்சு இல்லை. புலம்பெயர்ந்த வீட்டு மாணவரிடம் பேச்சு உண்டு, எழுத்து இல்லை. எழுத்துத்தமிழை மட்டும் அளக்கும் தேர்வு முன்னவரின் குறையை மறைக்கிறது. பின்னவரின் அறிவை மறைக்கிறது.

6. இணைப்புக்கு ஒரு வரைவு

முறைசாராப் பயிற்சியைப் பாடத்தோடு இணைக்க நிறுவன அளவில் இப்போது இடமுண்டு. பல்கலைக்கழக மானியக்குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம், செயல்முறை, களப்பணி, சமூக ஈடுபாடு ஆகியவற்றுக்குத் தகுதிப்புள்ளி வழங்க இடம் தருகிறது. வாரத்திற்கு 2 மணி நேரமாக 15 வாரங்களில் 30 மணி நேரம் ஈடுபட்டால் 1 தகுதிப்புள்ளி என்பது அதன் கணக்கு. சான்றிதழ், பட்டயப் படிப்புகளும் இதே அளவைப் பின்பற்றலாம்.

4 தகுதிப்புள்ளி கொண்ட தமிழ்ப்பாடம் ஒன்றில் 3 வகுப்பறைக்கும் 1 வெளிவழக்குப் பயிற்சிக்கும் ஒதுக்கப்படலாம். அப்பயிற்சியின் 30 மணி நேரத்தை மூன்றாகப் பிரிக்கலாம். முதற்பகுதி கேட்டல்: மாணவர் தாம் கேட்ட தொடர்களை யார், யாரிடம், எங்குக் கூறினார் என்னும் குறிப்போடு ஏட்டில் பதிவு செய்வார். இரண்டாம் பகுதி உரையாடல்: ஆசிரியர் ஏற்பாடு செய்த தமிழ்க் குடும்பத்தாரோடு குறிப்பிட்ட பொருள் பற்றிப் பேசுவார். மூன்றாம் பகுதி வழக்குமாற்றம்: பதிவு செய்த பேச்சை எழுத்துவழக்கிலும், படித்த பத்தியைப் பேச்சுவழக்கிலும் மாற்றி அமைப்பார். கேட்டறிந்தவை வகுப்புக்குள் வந்து, அங்கு இலக்கணமாகி, மீண்டும் வெளியே செல்லும் சுழற்சி இதனால் உருவாகும்.

மதிப்பீடும் இதற்கேற்ப மாற வேண்டும். வீட்டுக் குழாயில் நீர் வராத செய்தியைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லுதல், அதனையே மாநகராட்சிக்கு விண்ணப்பமாக எழுதுதல் என ஒரே பொருளை இரு வழக்கிலும் கேட்பது பொருத்தமான வினாவாகும். வீட்டுத்தமிழ் அறிந்தவர் முதற்பகுதியிலும் நூல்தமிழ் அறிந்தவர் இரண்டாம் பகுதியிலும் வலிமை காட்டுவர். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்கவும் இயலும்.

இவ்வரைவுக்கு எழக்கூடிய மறுப்புகள் புறந்தள்ளத்தக்கன அல்ல. எந்த ஊர்ப் பேச்சைக் கற்பிப்பது என்பது முதல் வினா. ஹெரால்டு ஷிஃப்மன் தம் பேச்சுத்தமிழ் இலக்கண நூலில் (1999), கற்றோரிடையே வட்டாரச் சாயல் குறைந்த பொதுப்பேச்சு ஒன்று உருவாகி வருவதாகக் கொண்டு அதனையே விளக்குகிறார். மாணவர் பேசுவதற்கு அப்பொதுப்பேச்சையும், கேட்டு உணர்வதற்கு இரண்டு மூன்று வட்டாரப் பேச்சுகளையும் குறிக்கோளாகக் கொள்ளலாம். பேச்சுக்கு இடம் தந்தால் எழுத்துத்தமிழ் நலிவுறும் என்பது இரண்டாம் மறுப்பு. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வீட்டில் தமிழின் புழக்கம் குறைந்துவருவதைக் கருதியே பொதுப்பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரப் பரிந்துரைத்தது. எழுத்துத்தமிழ் அங்குக் கைவிடப்படவில்லை. பேச்சற்ற மொழியில் எழுத்து நெடுநாள் நிற்காது என்பதே அம்முடிவின் உட்கருத்து எனலாம்.

மூன்றாம் மறுப்பு நடைமுறை சார்ந்தது. பேச்சை மதிப்பிடுவதில் ஆசிரியரின் விருப்பு வெறுப்பு, குறிப்பாகச் சாதி, வட்டாரம் சார்ந்த முன்முடிவுகள், கலக்கக்கூடும். ஒலிப்பதிவை இருவர் தனித்தனியே மதிப்பிடுவதும் அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைப்பதும் இதனைக் குறைக்கும், முற்றிலும் நீக்கிவிடா. ஆசிரியப் பயிற்சி இன்றி இத்திட்டத்தைத் தொடங்குதல் நன்றன்று. மேலும், பயிற்சிக்கு உதவும் குடும்பங்களை இலவச ஆய்வுக்கூடங்களாகக் கருதலாகாது. அவர்தம் இசைவும் நேரமும் மதிக்கப்படவேண்டும். அவர்தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பை மாணவர் ஏற்பது தக்க கைம்மாறாக அமையும்.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. 1950களில் புனேயிலிருந்து பரவிய மொழியியல், பேச்சுக்கு இலக்கணத் தகுதி தந்தது. ஆனால் பேசுதலை வகுப்பறைப் பயிற்சியாகச் சுருக்கிய முறையும் அதனோடு வந்தது.

2. மராத்திக்குப் பொருந்தும் 'வகுப்பும் சூழலும்' என்னும் ஏற்பாடு தமிழுக்கு அப்படியே பொருந்தாது. தமிழில் சூழல் தருவது இரண்டாவது இலக்கணம்.

3. இருக்கும் பாடநூல்கள் எழுத்தையோ பேச்சையோ சிறப்பாகக் கற்பிக்கின்றன. இரண்டிற்கும் இடையே மாறிச் செல்லும் திறனைக் கற்பிக்கும் பொறுப்பு பாடத்திட்டத்தினுடையது.

4. வெளிவழக்குப் பயிற்சிக்குத் தகுதிப்புள்ளியும் இருவழக்கு மதிப்பீடும் தருவதால், புதிதாகக் கற்போரும் புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் சமமாகப் பயில இயலும்.

வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே நோக்கியவர் தொல்காப்பியர். அந்நோக்கை ஆராய்ச்சியில் போற்றும் தமிழ்த்துறைகள், தாம் நடத்தும் தேர்வுகளிலும் அதற்கு இடம் தர வேண்டும்.